கடைசிக் காய்

"ராஜா பக்கத்துக் குதிரை வெளிய வருது!" என்று மரியதாஸ் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் இடுப்பில் கூடை கட்டி நின்ற தேவகுமாரி கையை நிறுத்தவில்லை. பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்துப் போட்டபடியே, "எம்பட மந்திரி போயி அந்தக் குதிரையைக் கட்டிப் போடுதுங்க" என்று பதில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஜன்னலில் சத்தமில்லை. உள்ளே செஸ் மிசின் யோசித்துக்கொண்டிருந்தது. அது யோசித்து முடிப்பதற்குள் அவள் ஒரு செடியை முடித்து அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

சேலத்து மலைமேல் நாகலூர்ப் பக்கத்தில் இது பழகிப்போன சத்தம். முதன்முதலில் கேட்டவர்கள், புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ புதுமாதிரிச் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் நினைத்தது சரிதான், சண்டையேதான் என்பது ஊருக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று.

மரியதாஸ் பெங்களூரில் டெலிபோன் சாமான் செய்யும் பேக்டரி ஒன்றில் வேலை பார்த்தவன். மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு மாமனார் ஊரோடு வந்து சேர்ந்தான். மாமனார் மரியஜோசப் எஸ்டேட் ரைட்டராக இருந்து, ஓட்டு வீடும் அதைச் சுற்றி ரெண்டு ஏக்கர் காப்பியும் மிளகுமாகச் சேர்த்து, ஒரே மகளுக்கு வைத்துவிட்டுக் கண்ணை மூடியவர். மருமகன் ஒண்டிக்கடை பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டான். கடை திறந்திருந்த நாளைவிடப் பூட்டிக் கிடந்த நாள்தான் அதிகம். ஊரார் கொண்டுவந்து கொடுத்த ரேடியோக்கள் வாயடைத்துக் கிடக்க, இவன் வீட்டுக்குள் உட்கார்ந்து செஸ் ஆடும் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தான். தகரப் பெட்டிக்குள் பச்சைப் பலகைகள், அதிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளை டி.வி.க்கு ஒயர், இன்னொரு ஒயர் டேப் ரெக்கார்டருக்கு. எழுதினதையெல்லாம் கேசட்டில்தான் பதிந்து வைப்பான். வோல்டேஜ் இறங்கினால் எல்லாம் போய்விடும். போனால் கரண்டைத் திட்டமாட்டான், அவளைத் திட்டுவான்.

எதற்காக இந்த மிசின் என்று கேட்டால், "பெரிய பெரிய ஆட்டக்காரனையெல்லாம் தோக்கடிக்கப் போவுது பாருங்க" என்பான். அது பாதி உண்மை. மீதியை அவன் சொன்னதில்லை. தேவகுமாரி பத்தொன்பது வயசில் சேலத்தில் நடந்த ஜில்லாப் போட்டியில் ஆண்பிள்ளைகளையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்தவள். அடுத்து மெட்ராசில் மாநிலப் போட்டிக்குப் போயிருக்க வேண்டும். அதற்குள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிட்டார்கள். ஓலை வாசித்த பெண் மெட்ராசுக்குத் தனியாகப் போவதாவது! யாரும் அவளைக் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பெங்களூர் போன முதல் கிறிஸ்துமஸுக்கு, சிநேகிதர்கள் முன்னால் மரியதாஸ் விளையாட்டாகச் செஸ் பலகையை எடுத்து வைத்தான். அவள் விளையாட்டாக ஆடவில்லை. சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் அவன் மூன்று முறை தோற்றான். அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுபோனது.

மிசினுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆட்டக்காரர் வேண்டுமே. வீட்டிலேயே இருந்தாள். ஆனால் அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவன் சுபாவத்தில் இல்லை. பார்த்துத் தெரிந்துகொண்டால் அது அவன் கண்டுபிடிப்பு. கேட்டால் அது அவளுடைய சொல்லாகிவிடும். அதனால் அவளை ஆடவிட்டுப் பார்த்தான். எப்போது குதிரையை விட்டுக்கொடுக்கிறாள், எப்போது யானையை ஒதுக்கி வைக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் விதியாக எழுதி மிசினுக்குள் ஏற்றினான். களையெடுத்தாலும் அவள் ஆட வேண்டும், உரம் போட்டாலும் ஆட வேண்டும். பலகையைக் கண்ணால் பார்க்காமல் மனசிலேயே வைத்து ஆடுவாள். மிசின் வருஷத்துக்கு வருஷம் தேறியது. சேலத்திலிருந்து வந்த காலேஜ் பையன்கள் பாதி ஆட்டத்திலேயே கைகுலுக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனார்கள். அவளை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை.

எண்பத்தெட்டு ஜனவரியில், பறிப்பு உச்சத்தில் இருந்தபோது ஒரு மத்தியானம் சாப்பிட வந்த மரியதாஸ் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அவள் சாமைச் சோற்றைப் போட்டு மொச்சைக் குழம்பை ஊற்றினாள்.

"வர்ற சனிக்கெழம மெட்ராஸ் கம்பெனிக்காரங்க வர்றாங்க" என்றான். "மிசினைப் பாக்க. கூடவே வெங்கடாசலம்னு ஒருத்தரக் கூட்டியாறாங்க. ஸ்டேட் சாம்பியனா இருந்தவரு. அவரத் தோக்கடிச்சுட்டா எனக்கு அங்கியே வேலை. தனி ரூமு, நாலு ஆளுங்க கீழ."

"பேப்பர்ல அவரு பேரு பாத்திருக்கறனுங்க" என்றாள். கரண்டி கையிலேயே இருந்தது. "ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"மிசினு ஆடி முடிச்சதுக்கப்பறம், நான் அவரோட ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கறனுங்க. அவரு சம்மதிச்சாத்தான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தான். சந்தோஷத்தில் இருந்த மனுஷன். "ஆடு, அதுக்கென்ன" என்றான். "கொழம்புல உப்பு கம்மி."

அன்று சாயங்காலம் செடிக்குள் அவள் கை ஓடிய வேகத்தைப் பார்த்து அத்தாயிக்கே ஆச்சரியம். அத்தாயி மலைக்காரி, மஞ்சக்குட்டைப் பக்கம் வீடு. பத்துப் பறிப்பாவது இந்தக் காட்டில் பார்த்தவள். அடுத்த வரிசையில் நின்று கேட்டாள்.

"ஏனுங் அம்மிணி, அந்த மெட்ராஸ்காரர ஜெயிச்சா உங்களுக்கு என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணுங் குடுக்கமாட்டாங்கக்கா."

"அப்பறம் எதுக்கு இந்தத் துள்ளு துள்றீங்க?"

"ஆடத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்க ஒருக்கா ஒக்காரோணுங்கா. ஆறு வருசமா ஜன்னலோடதான் ஆடிட்டிருக்கறேன். எதுக்க ஆளிருந்தா அவங்க மொகம் தெரியும். யோசிக்கறது தெரியும், பயப்படறது தெரியும். தோத்தாலும் பரவால்லைக்கா. மனுசங்ககிட்டத் தோக்கோணும்."

அத்தாயி கூடையைக் குலுக்கிப் பழத்தை அமுக்கினாள். "எங்க மாமனாரு சின்னனும் உங்கப்பாரும் சந்தை நாளுல ஆடுவாங்களே, நெனப்பிருக்குதுங்களா? அங்க வந்த கணக்குப்புள்ள ஒருத்தன் கடைசிக் காயை எடுத்துட்டான்னு எங்க மாமனாரு துண்டை ஒதறிட்டு எந்திரிச்சாரே! சாவற வரைக்கும் அவங்கூட ஒக்காரவேயில்லீங்க."

தேவகுமாரி சிரித்தாள். "எங்கப்பா அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஆட்டம் பழக்கினாருங்கா. எதிராளிகிட்ட ராஜாவோட ஒரே ஒரு காய் நின்னா, அதைத் தொடப்படாது. அதை வெச்சுக்கிட்டே ராஜாவ மடக்கோணும். தொட்டுட்டா ஆட்டமே செல்லாது. ஜெயிச்சதுமில்ல, தோத்ததுமில்ல."

"ஒத்தையா நிக்கறவன அடிக்கறதுல என்ன கெட்டிக்காரத்தனம்னு கேப்பாரு எங்க மாமனாரு."

சந்தை மரத்தடியில் மலைக்காரர்களும் எஸ்டேட் ஆட்களும் ஆடிய ஆட்டத்தின் வழக்கம் அது. சேலத்துப் போட்டிக்குப் போனபோது அங்கே அப்படி ஒரு விதியே இல்லை என்று தேவகுமாரிக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கை வரவில்லை. கடைசிக் காயை விட்டுவைத்தே அங்கும் ஜெயித்தாள். புருஷனிடம் ஆடும்போதும் அப்படியேதான்.

சனிக்கிழமை காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். டி.வி.யைக் கம்பளியில் சுற்றி, தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மரியதாஸ் ஜீப்பில் முன்னால் ஏறினான். அவள் வெள்ளைப் பூப்போட்ட சேலை கட்டி, பிளாஸ்க்கில் காப்பியும் தூக்கில் அவித்த மொச்சையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஒண்டிக்கடைக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவில் ஏற்பாடு. கூடத்தில் கணப்பு மூட்டியிருந்தார்கள். கம்பெனி மேனேஜர் பாலசுப்பிரமணியம் கோட்டுப் போட்டிருந்தார். வெங்கடாசலம் ஒல்லியான மனுஷர். மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, குளிரில் கையைத் தேய்த்தபடி பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். பார்க்க வந்த எஸ்டேட்காரர்கள் சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். தேவகுமாரிக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. அவள் கதவோரம் பிளாஸ்க்கோடு நின்றாள்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. டி.வி.யில் நகர்ந்துகொண்டிருந்தது அவளுடைய ஆட்டம். போன சித்திரையில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டே அவள் ஜன்னலுக்குச் சொன்ன நகர்வு ஒன்று வந்தது. அவளுடைய சிப்பாய்கள் அவள் நிறுத்துகிற மாதிரியே நின்றன. நடு ஆட்டத்தில் மிசின் ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தது. வெங்கடாசலம் சிரித்துக்கொண்டே வாங்கினார். இரண்டு நகர்வு கழித்துச் சிரிப்பை நிறுத்தினார். மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதை யாருங்க இதுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "குதிரையை இப்படிக் குடுக்க தைரியம் வேணும்."

"எல்லாம் சொந்த ஆராய்ச்சிதாங்க சார்" என்றான் மரியதாஸ்.

கதவோரம் நின்றவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சங்கடமாகும் இடம், யோசிக்கும் இடம், பயப்படும் இடம் எல்லாம் அவர் முகத்தில் தெரிந்தது. அடுத்து நான் இங்கே உட்காருவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் வெங்கடாசலத்திடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். மிசினிடம் ராஜாவும் யானையும் ஒரு சிப்பாயும். அந்த யானை நேராக நடந்து போய் அவர் சிப்பாயை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. வெங்கடாசலம் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கையைப் பாதி நீட்டிவிட்டார். டி.வி. மினுக்கிற்று. யானை சிப்பாயை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நின்றது.

நீட்டின கையை அவர் மடக்கிக்கொண்டார். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். மறுபடி யானைக்கு அதை எடுக்க வழியிருந்தது. மறுபடி எடுக்கவில்லை. தேவகுமாரி சட்டென்று தலையை நிமிர்த்தினாள். என்ன நடக்கிறது என்று அந்தக் கூடத்தில் முதலில் புரிந்தது அவளுக்குத்தான்.

சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாயிற்று. வெங்கடாசலம் கெட்டிக்காரர். ராணியைக் கொண்டுபோய் வேண்டுமென்றே யானைக்கு நேரெதிரே நிறுத்தினார். யானை தொடவில்லை. எஸ்டேட்காரர்களில் யாரோ சிரித்தார்கள். அந்த ராணியாலேயே மிசினின் சிப்பாயை எடுத்தார், யானையை எடுத்தார், ராஜாவை மூலைக்கு விரட்டினார். கடைசியாக ராணியைத் துணையில்லாமல் அந்த ராஜாவுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ராஜாவால் அந்த ராணியை வெட்டிவிடும். மிசின் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தான் தோற்றுவிட்டதாக எழுதிக் காட்டியது.

கூடமே சிரித்தது. பாலசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன மரியதாஸ், உங்க மிசினு ரொம்ப நல்ல மனசா இருக்கே!"

"இல்லீங்க சார். ஒரு காரணமாத்தான்..." என்றான் மரியதாஸ். "கடைசிக் காயை எடுத்துட்டா, சில சமயம் எதிராளிக்கு நகர எடமில்லாம ஆட்டம் டிராவாயிருதுங்க. அதுக்காக அதைத் தொடக்கூடாதுன்னு நானே ஒரு விதி..."

"சில சமயத்துக்காக எப்பவுமேவா?" என்றார் வெங்கடாசலம். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கதவோரத்திலிருந்து தேவகுமாரி தன்னை மறந்து பேசிவிட்டாள். "அது டிராவுக்காக இல்லீங்க. எங்கூர்ப் பக்கத்து வழக்கமுங்க. எங்கப்பா பழக்கினது. நான் விட்டு விட்டு ஆடறதைப் பாத்துட்டு இவரு..."

வெங்கடாசலம் முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "நீங்க ஆடுவீங்களாம்மா? அப்ப அந்தக் குதிரை..."

"அவளுக்கென்னங்க சார் தெரியும்" என்றான் மரியதாஸ். "நான் மிசினைச் சோதிக்கறப்பக் காயை எடுத்து வெப்பா. அவ்வளவுதான்."

வெங்கடாசலம் காய்களைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். "ஒக்காருங்கம்மா. எனக்குப் பஸ்சுக்கு நேரமிருக்கு. ஒரு ஆட்டம் போடலாம்."

அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். காப்பிப் பழச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள் அவை, துடைத்தால் போகாது. எதிர் நாற்காலிக்கு மூன்று எட்டு இருக்கும். ஓர் எட்டு வைத்தாள்.

"பழம் கொட்டிக் கெடக்குதுங்க சார், ஆளுங்க காத்துக் கெடப்பாங்க" என்றான் மரியதாஸ். பிறகு அவள் பக்கம் திரும்பி, "டி.வி.யைக் கம்பளியில சுத்து. ஜீப் நிக்குது" என்றான்.

"நீங்க சொல்லியிருந்தீங்களே" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஜெயிச்சாத்தானே?"

அவன் அப்படிச் சொன்னதே இல்லை. ஆடு, அதுக்கென்ன என்றுதான் சொன்னான். அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த இடத்தில் அவள் ஏன் உட்காரவில்லை என்று நாகலூரில் இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. கேட்பது சுலபம். அத்தனை கோட்டுக்காரர்கள் முன்னால், தோற்றுப்போய் முகம் சிவந்து நிற்கும் புருஷனைத் தாண்டிப் போய் உட்காரச் சொல்கிறவர்கள் ஒருநாள் அவன் வீட்டில் குடித்தனம் செய்து பார்க்கட்டும். அவள் கம்பளியை எடுத்தாள். வெங்கடாசலம் அடுக்கின காய்களைத் திரும்பப் பெட்டியில் போட்டார். "அடுத்த தடவை வர்றப்பப் பாக்கலாம்மா" என்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் நல்ல மனுஷர்களும் பஸ்சைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். அவர் திரும்ப வரவில்லை.

டிரைவரைத் தவிர ஜீப்பில் வேறு ஆள் இல்லை. மரியதாஸ் பின்னால் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"வேணும்னே பண்ணிட்டேல்ல?"

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"இத்தன வருசமா அந்தக் கடைசிக் காயை விட்டுட்டு விட்டுட்டு ஆடுனியே. எதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"எதுக்குன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?"

டிரைவர் சித்தன் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவித்த மொச்சை தூக்கோடு திரும்பி வந்தது. அதை அவள் அத்தாயிக்கும் மற்ற ஆட்களுக்கும் பகிர்ந்து கொடுத்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் மரியதாஸ் மிசின் முன்னால் உட்கார்ந்தான். அந்த ஒரு விதியைத் தேடிப் பிடித்து அழித்தான். கேசட்டில் திரும்பப் பதிந்தான். பிறகு களத்தில் காயப்போட்ட காப்பியைத் துழாவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டான்.

"வா. இப்ப ஆடு இதோட."

அவள் பலகையை நடுவில் வைத்து மிசினுக்கு எதிரே உட்கார்ந்தாள். மிசினுக்கு நேர் எதிரே அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷமும் செடிக்குள் இருந்துதான் ஆடியிருக்கிறாள். ராணியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள். மிசின் எடுத்தது. யானையை வைத்தாள். எடுத்தது. மரியதாஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். குதிரைகளும் மந்திரிகளும் போயின. அவள் கொடுக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியவே இல்லை. மிசின் எடுக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. ஒரு மனுஷன் எதற்காக ஆறு வருஷத்தைப் பாழாக்கினான் என்று தெரிந்துகொள்ள அந்த முகத்தைப் பார்த்தால் போதும்.

கடைசியில் அவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் நின்றன. சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாள். மிசினின் யானை வந்து அதை எடுத்தது.

"எடுத்துருச்சு பாத்தியா!" என்று கத்தினான் மரியதாஸ். "இப்ப எடுத்துருச்சு பாத்தியா!"

"பாத்தனுங்க" என்றாள். "எம்படதுன்னு சொல்ல அதுக்குள்ள அந்த வழக்கம் ஒண்ணுதான் மிச்சமிருந்துது." எழுந்துகொண்டாள்.

"எங்க போற? இன்னும் ராஜாவ மடக்கலயே?"

"காப்பி துழாவாமக் கெடக்குதுங்க."

அவன் அவள் போவதைக்கூடப் பார்க்கவில்லை. மிசின் அவளைத் தோற்கடித்துவிட்டதென்று மெட்ராசுக்குப் போன் பண்ணிச் சொல்ல ஒண்டிக்கடைக்கு ஓடினான். அங்கே ஞாயிற்றுக்கிழமை யாரும் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை எடுத்து, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பனி விலகி நல்ல வெயில். பழுத்துக் கருத்த பழங்கள் செடியடியில் உதிர்ந்து கிடந்தன. தேவகுமாரி அத்தாயியோடு மேட்டு வரிசையில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்தது.

"ராஜா முன்னால நிக்கற சிப்பாய், ரெண்டு கட்டம்!"

பதில் வரவில்லை.

"தேவி! காதுல விழுவுதா? சிப்பாய் ரெண்டு கட்டம்!"

தேவகுமாரி கை பறித்துக்கொண்டே இருந்தது. அத்தாயியிடம் மெல்ல ஏதோ சொன்னாள். அத்தாயி கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மலைக்காரியின் குரல், ரோட்டில் போன ஜீப்புக்கும் கேட்டது.

"கடைசிக் காயை எடுத்துட்டா ஆட்டமே செல்லாதுங்களாமா! அப்படி எடுத்தவங்களோட மறுக்கா ஒக்காரற வழக்கம் எங்கூருல இல்லீன்னு அம்மிணி சொல்லச் சொன்னாங்க!"

மரியதாஸ் அதே நகர்வை இன்னும் சத்தமாகச் சொன்னான்.